என் மாடியில் சுந்தரின் பெட்டி

சுந்தரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டது ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்யும் கார்த்திகா. ஈரோட்டுப் பெண், சில வருடங்களாகக் கல்கத்தாவில் இருக்கிறாள். அவளும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து, யாரும் மேலிருந்து மூட முடியாத ஓர் இன்டர்நெட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வழிகாட்டி சுந்தர்.

"நீங்க சுந்தர் சார்கூட ஒரே ரூம்ல வேலை பாத்தவங்க இல்லீங்களா ஆன்ட்டி? அவரு அப்பெல்லாம் எப்படி இருப்பாரு, எப்படி யோசிப்பாரு, அதை எழுதிக் குடுங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அவன் எப்படி யோசித்தான் என்று எழுத நான் என்ன அவன் வைத்த ஆளா என்று உள்ளுக்குள் பொருமினேன். நான் அவனுக்கு நான்கு வருடம் சீனியர். கீபோர்டில் எந்த விரலை எங்கே வைப்பது என்பது தவிர அந்த அறையில் அவன் கற்றுக்கொண்ட எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. எனக்கு வயிறு எரிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போய் நடுவில் யாரும் அதைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம்.

ஆகவே இது சுந்தரைப் பற்றிய கட்டுரை இல்லை, என் வேலையைப் பற்றியது. அவனும் இடையில் வருவான். எல்லா இடத்திலும் அப்படித்தானே வந்தான்.

அப்பா ரயில்வே. நான் பிறந்து வளர்ந்தது சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசல்படி தாண்டினால் பெங்காலி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, டெலிபோன் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு கடையில் சில வருடம் சாலிடரிங் புகையைக் குடித்தேன். இன்டர்நெட் வந்ததும் டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. பெயர் வேண்டாம், அது இப்போது வேறொரு பெரிய கம்பெனியின் வயிற்றுக்குள் இருக்கிறது. சேர்ந்தேன். ஊரில் பாதிப் பேருடைய இன்டர்நெட் எங்கள் அறையிலிருந்த இயந்திரங்கள் வழியாகத்தான் போய் வந்தது. கல்யாணம், பிள்ளை, மாமியார் எல்லாம் அந்த அறைக்கு வெளியே நடந்தன.

இந்தப் பிள்ளைகளுக்குப் புரியாத ஒரு விஷயம், எங்கள் வேலையில் ஒரு பங்கு மூடுகிற வேலை. ஏதோ ஒரு வலைப்பக்கம் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். நாங்கள் அதைத் தடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கிற இடத்தில் நாங்கள் இல்லை. ஆனால் எப்படி மூடுவது என்பது எங்கள் கையில் இருந்தது, அதில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கு பாக்சி சாருடையது.

பாக்சி சார் எங்கள் மேலாளர். இயந்திர அறையில் குளிர் எலும்பைக் குடையும்; அவர் மே மாதத்திலும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். வயிறு சரியில்லாதவர். மதியத்துக்குத் தண்ணியான மீன் குழம்பு, ஒரு கந்தராஜ் எலுமிச்சைத் துண்டு, அவ்வளவுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் 'துமி' என்று ஒருமையில் கூப்பிடுகிற மனிதர், கோபம் வந்தால் மட்டும் 'ஆப்னி' என்று மரியாதைக்கு மாறிவிடுவார். அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு 'ஆப்னி' வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

உத்தரவு வந்ததும் முதலில் கையைக் கழுவிக்கொண்டு வருவார். அது ஒரு வழக்கம், அதற்கு விளக்கம் கிடையாது. பிறகு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உத்தரவில் இருக்கும் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் அவர் திரையைப் பார்த்துத் திருப்பிப் படிப்பார். முதல் ஆள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அதற்கப்புறம்தான் என்ட்டர். கொஞ்சம் வேகமாகப் படித்தால், "ஆஸ்தே, பத்மா, ஆஸ்தே" என்பார். மெதுவாக, மெதுவாக. எந்த அவசரமும் அவர் குல்லாயைத் தாண்டி உள்ளே போகாது.

இதில் ஒரு படியை நான் சேர்த்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். உத்தரவுகள் சில சமயம் வலைப்பக்கத்தின் பெயரைச் சொல்லாமல், அது இருக்கும் இயந்திரத்தின் எண்ணை மட்டும் சொல்லும். ஒரே எண்ணில் நூறு வலைப்பக்கங்கள் குடியிருக்கும். ஒரு வீட்டுக்காரனைப் பிடிக்க அடுக்குமாடியின் வெளி கேட்டையே பூட்டுகிற மாதிரி. அதனால் மூடுவதற்கு முன்னால், அந்த எண்ணில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். பாக்சி சாருக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பெயரும் அவரே வைத்தார். உத்தரவு வந்தால், "பத்மா, பாரா தேகே எஷோ" என்பார். பாரா என்றால் நாம் குடியிருக்கும் அக்கம்பக்கம். அக்கம்பக்கத்தைப் பார்த்துவிட்டு வா. நான் பார்த்து, இன்னார் இன்னார் இருக்கிறார்கள் என்று சொன்னால், அவர் மேலிடத்துக்குப் போன் போட்டு, எண்ணை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மூடுகிற மாதிரி உத்தரவை மாற்றி வாங்குவார். சண்டை கிடையாது, வீர வசனம் கிடையாது.

சுந்தர் இந்த அறைக்குள் வந்தபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். லேக் மார்க்கெட் பையன். அப்பாவுக்கு அங்கே காபிப்பொடிக் கடை. துறுதுறுவென்று இருப்பான். வந்த முதல் வாரமே, "அக்கா, ஒரே வாசல் இருக்கிறதாலதானே மூட முடியுது? வாசலே இல்லாம கட்டினா?" என்று கேட்டான்.

"வாசலே இல்லாத வீட்டுக்குள்ள நீ எப்படிடா போவ?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இந்தக் கேள்வியைத்தான் இப்போது அவன் மேடைக்கு மேடை சொல்கிறான். என் பதிலைச் சொல்வதில்லை. நல்ல பதில் அது.

இனி, சுந்தரைப் பெரிய ஆளாக்கிய அந்தக் கேஸ்.

பாக்சி சார் வயிற்று வைத்தியத்துக்காக வேலூர் போயிருந்தார். கல்கத்தாவில் யாருக்கு என்ன வந்தாலும் வேலூர்தான். போவதற்கு முன்னால் என்னிடம் "தண்ணீர்", "போதும்", "காரம் வேண்டாம்" என்று மூன்று தமிழ் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு போனார். அவர் நாற்காலியில் தற்காலிகமாக டெல்லியிலிருந்து வந்த மெஹ்ரா உட்கார்ந்திருந்தார். அப்போது ஓர் உத்தரவு வந்தது. ஓர் எண் மட்டும். சாயங்காலத்துக்குள் மூட வேண்டும்.

நான் பாரா பார்த்தேன். அந்த எண்ணில் மூட வேண்டிய பக்கத்தோடு ஒரு ஹோமியோபதி டாக்டர், பெஹாலாவில் ஒரு பாட்டுப் பள்ளி, ஒரு மிட்டாய்க் கடை, இன்னும் பலர் இருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் பம்பாய் குரூப் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்றும் இருந்தது. பம்பாய் குரூப் அபூர்வமான ரத்தம். அந்த ரத்தக்காரருக்கு அதே ரத்தக்காரர்தான் கொடுக்க முடியும். ஓ குரூப்கூட ஆகாது. மாநிலம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான் கிடைப்பார்கள். அவர்களுடைய பெயரும் போன் நம்பரும் அந்தப் பக்கத்தில் இருந்தன.

மெஹ்ராவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "பெஹ்லே பந்த் கரோ, பாத் மே தேகேங்கே" என்றார். முதலில் மூடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் படிக்க உட்கார்ந்தேன். சுந்தர் அடிக்க உட்கார்ந்தான். பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, ரத்த லிஸ்ட் இருக்கே."

"தெரியும். நான் படிக்கேன், நீ அடி. அடிச்சிட்டு மாத்தி வாங்குற வேலையப் பாப்போம்."

அடித்தான். இன்றைக்கு அந்த அறையில் என்னை மறுபடி உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன். அவன் மறுத்திருந்தால் வேறொருவன் வந்து அடித்திருப்பான். அவனுக்கு வேலை போயிருக்கும். எண் எப்படியும் மூடியிருக்கும். என்ட்டர் தட்டியதும் நான் திருத்தல் கோரும் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் புகார் கவுண்டரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஹால்தார் பாபு. கையில் குடை. "என் பக்கம் திறக்கவில்லை அம்மா" என்று பெங்காலியில் சொன்னார். அந்த ரத்தப் பட்டியல் அவருடையது. அவர் மகள் மிட்டுவுக்கு பம்பாய் குரூப். அவளுக்காகத்தான் வருடக்கணக்காகக் கடிதம் போட்டு ஆள் சேர்த்து அந்தப் பட்டியலை உண்டாக்கியிருந்தார். மிட்டு இப்போது நிறைமாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது, பிரசவத்துக்கு முன் ஒரு பாட்டிலாவது கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது போன் நம்பர்கள் மாறிக்கொண்டே இருந்த காலம். ரத்தம் கொடுப்பவர்கள் தாங்களே அந்தப் பக்கத்துக்குள் போய்ப் புது நம்பரைப் போடுவார்கள். வீட்டில் அவர் வைத்திருந்த பழைய பிரதியில் பாதி நம்பர்கள் வேலை செய்யவில்லை.

"என் பெண் செத்துவிடுவாளா அம்மா?" என்று கேட்டார். குரல் உடையவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

அவரை உட்காரவைத்துவிட்டு வேலூருக்குப் போன் போட்டேன். பாக்சி சார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பேசினார். நடந்ததைச் சொன்னேன். "மெஹ்ராவிடம் போனைக் கொடு" என்றார். நான் கொடுத்தேன். மெஹ்ராவின் முகத்தைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் 'ஆப்னி' நடக்கிறது என்று புரிந்தது. அதற்கப்புறம் நாள் பூராவும் நான் டெல்லியோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஆபீஸர் சாப்பிடப் போயிருந்தார், ஒருவர் மீட்டிங்கில், ஒருவரின் ஃபேக்ஸில் மையில்லை. எண்ணுக்குப் பதில் பெயர் என்ற ஒரு வரிக்காக எத்தனை பேரை 'சார்' என்று கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

சுந்தர் அந்த நேரத்தில் ஹால்தார் பாபுவைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். வேலை நேரத்தில். நான் ஃபேக்ஸ் மெஷினோடு அழுதுகொண்டிருந்தபோது, அவன் மண்குவளையில் டீயை உறிஞ்சிக்கொண்டே சென்னையில் இருந்த ஒரு சிநேகிதனுக்குப் போன் போட்டிருக்கிறான். அங்கே வேறு கம்பெனி. அவர்கள் இன்னும் மூடவில்லை. சிநேகிதன் பக்கத்தை அப்படியே எடுத்து மெயிலில் அனுப்பிவிட்டான். சுந்தர் மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு ஹால்தார் பாபு வீட்டுக்கே போய் அவர் கம்ப்யூட்டரில் அதை ஏற்றினான். அதோடு விடவில்லை. ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். ரத்தம் கொடுக்கும் குடும்பங்களில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தாலும், அவை ஒன்றோடொன்று பேசிப் பட்டியலைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் நம்பர் மாறினால் எல்லா வீட்டிலும் மாறும். நடுவில் மூடுவதற்கு ஓர் எண்ணே கிடையாது.

கிருஷ்ணாநகரில் ஒருவர் கிடைத்தார். மறுநாள் ரயிலேறி வந்து ரத்தம் கொடுத்தார். மிட்டுவுக்குப் பெண் குழந்தை. அன்று சாயங்காலம் என் திருத்தல் உத்தரவு வந்தது. எண் திறந்தது. ஹோமியோபதி டாக்டர், பாட்டுப் பள்ளி, மிட்டாய்க் கடை எல்லாம் திறந்தன. மூடியிருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

ஹால்தார் பாபு ஒரு பெரிய பெட்டி நிறைய நொலேன் குர் சந்தேஷ் வாங்கிக்கொண்டு வந்தார். ஈச்ச மரத்து வெல்லம் போட்ட இனிப்பு அது, குளிர்காலத்தில்தான் கிடைக்கும். நேராகப் போய் சுந்தர் கையில் கொடுத்து, அவன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார். சுந்தர் பெட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினான். "எடுத்துக்குங்கக்கா."

எடுத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பாங்க்கில் இருந்தவர், எதையும் நிதானமாகக் கேட்பார். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றார்.

"ஆகல. அது சந்தோசந்தான். ஆனா நான் ஒருத்தி அங்க நாள் பூரா..."

"வயித்தெரிச்சலா? மோர் கலக்கித் தரட்டுமா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுந்தர் பெயர் வரும்போதெல்லாம் மோரும் வரும்.

பிறகு அவன் வேலையை விட்டான், பெங்களூர் போனான், வெளிநாடு போனான். வாசல் இல்லாத இன்டர்நெட் என்று பேசினான், எழுதினான், கட்டினான். பத்திரிகையில் படம் வந்தது. எல்லாப் பேட்டியிலும் ஹால்தார் பாபு கதை வரும். வேலூர் வராது, ஃபேக்ஸ் வராது, பாரா பார்த்தவள் வரமாட்டாள். நான் அதே அறையில் இருந்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது, முட்டிவலி வந்தது.

ஆனால் என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

ஹால்தார் பாபுவின் பட்டியலில் ஷிப்ரா என்று ஒரு பெண் இருந்தாள். பலமுறை ரத்தம் கொடுத்தவள். பிறகு அவளுக்கே ஏதோ நோய் வந்து, இனி ரத்தம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். ஹால்தார் பாபு தன் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிட்டார். ஆனால் சுந்தரின் புரோகிராம் வீடு வீடாகப் பிரதி வைத்திருந்ததே, அது மறக்கவில்லை. ஒரு வீட்டில் அழித்தால் இன்னொரு வீடு கொண்டுவந்து மறுபடி வைத்துவிடும். தொலையாமல் இருக்க வேண்டும் என்றுதானே கட்டியது? போன்கள் வந்துகொண்டே இருந்தன. யாரோ ஒரு அப்பா, யாரோ ஒரு புருஷன், அழுதுகொண்டு கேட்பார்கள். இவள் ஒவ்வொருவருக்கும் முடியாது என்று சொல்ல வேண்டும்.

அவள் என்னைத் தேடி வந்தாள். "தீதி, ஒவ்வொரு தடவையும் நானே கொன்றது போல இருக்கிறது" என்றாள்.

பெங்களூரில் இருந்த சுந்தரைக் கூப்பிட்டுத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்றே சொல்லலாம். "ஒருத்தி தன் சொந்த நம்பரை எடுக்கணும்ங்கா. உன் மெஷின்ல அதுக்கு வழி இருக்கா இல்லையா?"

"இல்லக்கா" என்றான்.

குடும்பம் குடும்பமாக நான்தான் போன் செய்தேன். கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லி, எதை அழுத்த வேண்டும் என்று சொல்லி, எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் அழிக்கிற மாதிரி ஏற்பாடு செய்தேன். ஒன்றிரண்டு வீட்டில் மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அங்கிருந்து அவள் பெயர் மறுபடி முளைத்தது. கடைசியில் ஷிப்ரா தன் போன் நம்பரையே மாற்றிக்கொண்டாள்.

இது எந்தப் பேட்டியிலும் வரவில்லை. வராத வரை எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது.

நான் ஓய்வுபெற்று லேக் மார்க்கெட் பக்கம் இந்த வீட்டுக்கு வந்தேன். மேல்மாடி வீடு, மொட்டை மாடி உரிமை எங்களுக்கு. கார்த்திகா என்னைத் தேடி வந்ததே அதற்காகத்தான். அவர்களுடைய புது இன்டர்நெட் வீட்டு மாடிகளில் வைக்கும் பெட்டிகளால் ஆனது. டிபன் பாக்ஸ் அளவு பெட்டி, ஒரு சின்ன ஆன்டெனா. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் காற்றிலேயே பேசும். யாராவது ஒரு பக்கத்தைப் போட்டால் அது ஒரே இடத்தில் இருக்காது. எந்தெந்தப் பெட்டிக்காரர் சம்மதிக்கிறாரோ அந்தப் பெட்டியிலெல்லாம் பிரதி இருக்கும். ஜாதவ்பூர்ப் பக்கத்துப் பெட்டிகளும் லேக் மார்க்கெட் பக்கத்துப் பெட்டிகளும் ஒன்றையொன்று பார்க்க என் மாடிதான் வேண்டியிருந்தது. சுற்றியிருக்கும் உயரமான கட்டடக்காரர்கள் எல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"உங்க மாடி கெடைக்கலைன்னா ரெண்டும் தனித்தனித் தீவுங் ஆன்ட்டி" என்றாள். "போன மாசம் ரெண்டு நாள் நெட்டையே நிறுத்துனாங்கல்ல, எங்க ஹாஸ்டல் பொண்ணுக்கு ஊர்ல அப்பா சீரியஸ்னு தகவலே வரலீங்க. அதுக்குத்தான் இத்தனை பாடு."

பெயர் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தால் உடனே சரி என்றிருக்க வேண்டும். நான், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள், சுந்தர் சாரே வருகிறார், எங்கள் கட்டடத்துக் கீழ்த்தள ஹாலில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லப்போகிறார் என்று.

முடிவு செய்துவிட்டேன். கூட்டத்தில் எழுந்து ஷிப்ராவைப் பற்றிக் கேட்பேன். அவன் முழிப்பான். மாடி கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கேளு, கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா மாடியக் குடுத்துடு" என்றார்.

"நீங்க யார் பக்கம்?"

"நான் மோர் பக்கம்" என்றார்.

வழக்கமாக சரஸ்வதி பூஜை வைக்கிற ஹால் அது. கீழ்வீட்டு சாட்டர்ஜி பௌதி (பௌதி என்றால் அண்ணி) எல்லோருக்கும் டீ போட்டிருந்தாள். சுந்தர் வந்தான். தலை முழுக்க நரை. நரை எனக்கு வந்தால் கிழவி, அவனுக்கு வந்தால் களை. நேரே வந்து, "பத்மாக்கா, அப்படியே இருக்கீங்களே" என்று என் காலைத் தொட்டான். எல்லோரும் பார்த்தார்கள். காலைத் தொட்டவனை எப்படி மடக்குவது? சரி, பேசி முடிக்கட்டும் என்று கேள்வியை நாக்கில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அவன் பெங்காலியில் பேசினான், நடுநடுவே இங்கிலீஷ்; பத்மாக்கா அதில் பத்மா-தி. ஹால்தார் பாபு கதையில் ஆரம்பிப்பான் என்று நினைத்தேன். இல்லை. "ஷிப்ரா என்று ஒருவர்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முழுவதையும் சொன்னான். ஒன்றும் மறைக்கவில்லை. அவன் சொன்னது இது: யாரும் மூட முடியாததைக் கட்டிவிட்டேன், அதுதான் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்கு அது சிறையாகிவிட்டது. இந்தா இங்கே உட்கார்ந்திருக்கிறாரே பத்மா-தி, அவர்தான் போனில் என்னைக் கிழித்தார், என்னிடம் பதில் இல்லை. இவர் வீடு வீடாகப் போன் செய்து என் தவறைத் துடைத்தார். அன்றிலிருந்து நான் கட்டுகிற எதிலும் ஒரு விதி உண்டு. ஒருவர் போட்டதை மற்ற யாரும், அரசாங்கமோ கம்பெனியோ நானோ, ஊர் முழுக்க அழிக்க முடியாது. போட்டவர் நினைத்தால் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடலாம். அந்த விதி பத்மா-தி கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அதோடு மூடுவதற்கு முன் அக்கம்பக்கம் பார்ப்பதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். யாருக்கு? அவனுக்கு. எவ்வளவு பெரிய மனசு பார், தன் தவறைத் தானே சொல்கிறான், சீனியரை மறக்காமல் இருக்கிறான் என்று. என் பெயரைச் சொன்னான், கைதட்டல் அவனுக்குப் போயிற்று. இத்தனை வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே சீட்டு. அதையும் பிடுங்கி, அவனே விளையாடி, அவனே ஜெயித்துவிட்டான். நாக்கில் வைத்திருந்த கேள்வியை விழுங்கினேன்.

கார்த்திகா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, மாடி?"

ஹால் முழுக்கத் திரும்பியது. முடியாது என்று சொல்ல இன்னமும் என்னால் முடியும். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே காரணம், அது வெளியே சொல்லக்கூடியது இல்லை. இன்னொன்றும் உண்டு. மூடுகிற நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். மூடினால் யார் வீட்டு வாசலில் போய் விழும் என்று அந்த ஹாலில் இருந்த எல்லோரையும்விட எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளின் பெட்டி எனக்கு வேண்டியிருந்தது. அதை அவன் கட்டியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

"வச்சிக்கோ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி மாடிக்கு ஏறியது. கார்த்திகா கம்பியில் கட்டி, ஒயர் இழுத்து, என் போனில் அதற்கான ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பெட்டிக்கு நான்தான் சொந்தக்காரி. என் பெட்டியில் எதை வைக்கலாம், எது என் பெட்டி வழியாகப் போகலாம் என்பதை நான் மட்டுமே சொல்லலாம். "உங்க பெட்டிக்கு உங்களுக்கு மேல யாரும் கெடையாதுங் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஆன்டெனாவைத் திருப்பப் போனாள்.

ஜாதவ்பூரிலிருந்து முதல் சமாச்சாரம் வந்தது. திரையில் பார்த்தேன். அன்றைய கூட்டத்தில் சுந்தர் பேசிய வீடியோ. வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அனுப்பவா, வேண்டாமா என்று கேட்டது.

என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் யாரோ சொல்லித்தான் மூடியிருக்கிறேன். இன்றைக்கு உத்தரவு இல்லை, மெஹ்ரா இல்லை, எதிரே உட்கார்ந்து அடிக்க ஆளும் இல்லை. என் இஷ்டம். கார்த்திகா அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"வேண்டாம்" என்பதைத் தொட்டேன். இத்தனை சுகமாக நான் எதையும் மூடியதில்லை.

கீழே வந்து அடுப்பில் தோசைக்கல்லை வைத்தேன். முதல் தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் சமையலறை ஜன்னல் வழியாக சுந்தரின் குரல் கேட்டது. கீழ்வீட்டிலிருந்து. என் பெட்டியை விட்டால் ஜாதவ்பூரிலிருந்து இந்தப் பக்கம் வர வழியில்லை என்றுதானே கெஞ்சினார்கள்? எட்டிப் பார்த்தேன். சாட்டர்ஜி பௌதி போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகன் ஜாதவ்பூருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். மாடியில் வழி இல்லாவிட்டால், போகிற வருகிற ஆட்களின் போன்களே சுமந்துகொண்டு வந்து சேர்த்துவிடும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். வீடியோ அந்தப் பையனின் சட்டைப்பையில் வந்து இறங்கியிருக்கிறது.

என் தலையைப் பார்த்ததும் பௌதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பத்மா-தி, ஷோனோ ஷோனோ, தோமார் நாம் போல்சே கோ" என்று கூவினாள். கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்கிறார். போனில் சுந்தர் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். கைதட்டல் வந்தது. பௌதியும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

மாடிப்படியில் கார்த்திகாவின் குரல் கேட்டது. "ஆன்ட்டி, நெட்வொர்க் வேலை செய்யுதுங்களா?"

தோசை கருகிக்கொண்டிருந்தது.

"செய்யுது" என்றேன். படுபாவி, நன்றாகத்தான் கட்டியிருக்கிறான்.